ஏழாவது குழியின் வலது ஓரம்

என் அக்காள் கணவர் சற்குணம் தம் வாழ்நாளில் அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்தது கிடையாது. கோயில் அன்னதானத்தில்கூட, பெரியவர்கள் யாராவது வந்துவிடுவார்களோ என்று ஓரமாய் நின்று, கடைசிப் பந்தியில் ரசம் தீர்ந்த பிறகு சாப்பிடுகிற மனிதர். பஸ்ஸில் இருக்கை காலியாக இருந்தாலும் நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பினாங்கில் ஒரு கப்பல் ஏஜென்சியில் அவர் தலைமைக் கிளார்க். மேனேஜர் சிங்கப்பூர் போயிருக்கும் நாட்களில் மேனேஜர் அறையில் போன் அடித்தால், போய் நின்றுகொண்டே பேசுவாராம். நாற்காலி பக்கத்திலேயே சும்மா கிடக்கும். "ஏன் அத்தான், உக்காந்தா கடிச்சிருமா?" என்று கேட்டிருக்கிறேன். சிரிப்பார், அதுதான் பதில்.

நான் அவர் மனைவி கனகேஸ்வரியின் தங்கை, யோகலட்சுமி. கெலுகோரில் அவர்கள் வீட்டிலேயே ஓர் அறையில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் அந்த வீட்டில் நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும். அத்தானை எனக்குப் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் அவரை நிறையத் திட்டப்போகிறேன்.

வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்குப் போன பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர் ஸ்ரீஸ்கந்தராஜா. நம்மவர். எங்களைப் போலவே யாழ்ப்பாணத்து வேர், எங்களோடு அதே கோயிலுக்கு வருகிறவர். நம்ம ஆள் ஒருவர் அந்த இடத்துக்கு வந்துவிட்டார் என்பதில் அத்தானுக்கு இருந்த பெருமை, தானே வந்திருந்தால்கூட இருந்திருக்காது. அவரைச் 'சார்' என்பதைத் தவிர வீட்டில்கூட வேறு பெயர் சொல்லிப் பேசமாட்டார். சார் கெட்டவர் இல்லை. குட்டக் குட்டக் குனிகிறவன் முட்டாள் என்பார்கள். சார் ஒருநாளும் குட்டியதில்லை. இவர் குட்டு விழாமலே குனிந்தார்.

எழுபத்து நாலாம் வருடம் சார் கோல்ஃப் கிளப்பில் சேர்ந்தார். சனிக்கிழமைகளில் நாலு பேர் சேர்ந்து ஆட வேண்டும், ஒரு ஆள் குறைந்தது. "சற்குணம், நீயும் கத்துக்க லா," என்றார் பினாங்கு வழக்கில். அத்தான் கத்துக்கொண்டார். சார் நீச்சல் கத்துக்கொள்ளச் சொல்லியிருந்தால் தஞ்சோங்கிலிருந்து கடல் தாண்டிக் கெடாவுக்கு நீந்தியிருப்பார். பழைய கோல்கள் வாங்கினார், வெள்ளைத் தொப்பி ஒன்று வாங்கினார். வீட்டு முன்னால் பிளாஸ்டிக் பந்தை வைத்து அடித்துப் பழகினார். அக்காவின் கறிவேப்பிலைச் செடி மூன்று தடவை தலை இழந்தது.

கிளப்பில் சுலைமான் என்று ஒருவர் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவர் சொன்னதை அத்தான் இரவுச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குச் சொல்லுவார். ஒரு நாள் மேசையில் உப்பு பாட்டிலையும் மைலோ குடித்த கோப்பையையும் ஒரு முழ இடைவெளியில் வைத்தார். ஒவ்வொரு குழிக்கும் ஆட்டம் தொடங்குகிற இடத்தில் ஒரு புல்மேடை இருக்கும், டீ பாக்ஸ் என்று பெயர். அதில் இந்த மாதிரி இரண்டு கட்டைகள். அந்தக் கட்டைகளைத் தாண்டி முன்னால் போகக்கூடாது. மற்றபடி இரண்டுக்கும் நடுவில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் பந்தை வைத்து அடிக்கலாம். இடம் பொறுக்குவது அவரவர் இஷ்டம்.

"இதுல என்ன விசேஷம்?" என்றேன்.

"இருக்கு. ரைட் சைட்ல ஆபத்து இருந்தா ரைட் சைட் கட்டைய ஒட்டியே நிக்கணுமாம். அப்பதான் லெஃப்ட் பக்கமா குறி வச்சு, ஆபத்துக்கு விலகி அடிக்கலாம். பயந்துக்கிட்டு லெஃப்ட் கோடிக்கு ஓடினா, நடுவுக்கு அடிக்கிற பந்துகூட ஆபத்தப் பாத்துதான் போகும்."

கணக்கு டீச்சருக்கு இது உடனே பிடித்துவிட்டது. கோணம்தானே. கோல்ஃப் என்கிற வேலையற்ற வேலையில் அறிவுள்ள சங்கதி ஒன்றாவது இருக்கிறதே என்று சொன்னேன்.

அந்தத் திடல் பாயான் லெப்பாஸ் போகிற வழியில் இருந்தது. ஏழாவது குழிக்கு வலது பக்கம் நெடுக ஒரு கம்பி வேலி. வேலிக்கு அப்பால் ஒற்றையடிப் பாதை. கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்கியிருந்த ஃபேக்டரிப் பெண்கள் அந்தப் பாதையில் நடந்துதான் பெரிய ரோட்டுக்கு வந்து ஃபேக்டரி பஸ்ஸைப் பிடிப்பார்கள். ஆகவே ஏழாவது குழியில் எல்லாரும் வலது கட்டையை ஒட்டி நின்றுதான் அடிப்பார்கள். சாரும் அங்கேதான் நிற்பார், முதல் ஆளாக அடிப்பார்.

இங்கேதான் அத்தான் தம் குணத்தைக் காட்டினார். சார் நின்ற இடத்தில் அவருக்குக் கால் வைக்க முடியவில்லை. சார் பந்தை வைத்த மரமுளையின் தழும்பு புல்லில் இருக்கும், சாரின் ஷூ பதிந்திருக்கும். அதன்மேல் தான் போய் நிற்பதா? யாரும் அவரைத் தடுக்கவில்லை. மற்ற இரண்டு பேரும் சார் நகர்ந்ததும் அங்கேதான் போய் நின்றார்கள். இவர் மட்டும் இடது கோடிக்குப் போனார். அங்கே நின்று வேலியைப் பார்க்கிற மாதிரி அடித்தார்.

இதை அவரே பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுலைமான் சொன்னதற்கு நேர் எதிராக அல்லவா செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அது சார் நிக்கிற இடம், யோகா."

"அங்க அவர் பேர் எழுதி வச்சிருக்கா?"

"எழுதி வச்சாத்தானா?" என்றார். பிறகு என்னைச் சமாதானம் செய்கிற மாதிரி, "நான் மெதுவாத்தான் அடிப்பேன். என் பந்து வேலி வரைக்கும் போகாது," என்றார்.

அது உண்மைதான். ஆறு வருடம் போகவில்லை. அவர் பந்தும் அவரைப் போலவே இருக்கும் இடம் தெரியாமல் கொஞ்ச தூரம் போய் நடுவில் விழுந்துவிடும்.

எண்பதாம் வருடம் கம்பெனிகளுக்கு நடுவே ஒரு கேடயத்துக்குப் போட்டி. சாருக்கு ஜோடி அத்தான். ஆறு குழி முடிந்தபோது தோற்கிற நிலைமை. ஏழாவது குழியில் சார் அடித்துவிட்டு நகர்ந்தார். அத்தான் வழக்கம்போல் இடது கோடியில் பந்தை வைத்தார். "இன்னிக்காவது கொஞ்சம் பலமா அடி, சற்குணம். எப்பப் பாத்தாலும் பாசார்ல கத்திரிக்கா பொறுக்குற மாதிரி அடிக்கிற," என்றார் சார். எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். பலமாக அடித்தார்.

பழக்கமில்லாத கை பலமாக அடித்தால் பந்து வலது பக்கம் வளையும். வளைந்தது. வேலிக்கு மேலே போனது. இப்படிப் போனால் 'ஃபோர்' என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும், அப்பால் இருக்கிறவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அத்தான் கத்தினார். ஆனால் சார் பக்கத்தில் நிற்கும்போது எவ்வளவு கத்தலாமோ அவ்வளவுதான் கத்தினார்.

வேலிக்கு அப்பால் பெண்கள் அலறும் சத்தம் கேட்டது. அத்தான் கோலைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்திருக்கிறார். "நீ இங்கயே இரு. சுலைமான் போய்ப் பாக்கட்டும்," என்றார் சார். அத்தான் நின்றுவிட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் ஷூவைக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். அக்கா விஷயத்தைக் கேட்டு வாங்கினாள். ஒரு பெண்ணுக்குக் கண்ணில் பட்டுவிட்டது. ஃபேக்டரி வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

"நீங்க போய்ப் பாத்தீங்களா?" என்றாள் அக்கா.

"சார் இருக்கச் சொன்னாரு."

அக்கா உள்ளே போய்விட்டாள். எங்கள் அக்கா கோபப்பட்டால் பேசமாட்டாள், பாத்திரம் தேய்ப்பாள். அன்று சுத்தமான பாத்திரத்தையெல்லாம் மறுபடி தேய்த்தாள்.

அந்தப் பெண்ணுக்கு இடது கண் போய்விட்டது. எடுத்தே விட்டார்கள். பெயர் ரொஸ்னா, வயது பத்தொன்பது. பாலிக் புலாவில் அப்பா டீக்கடை வைத்திருந்து நோயில் படுத்துவிட்டவர். தம்பி தங்கைகள் இவள் சம்பளத்தில் சாப்பிட்டார்கள். அவள் வேலை என்னவென்றால், நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை எலக்ட்ரானிக் சில்லில் ஒட்டுவது. இதெல்லாம் சுலைமானிடம் அத்தான் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டவை. நேரே போய்க் கேட்க மட்டும் முடியவில்லை. கிளப் வக்கீல் சொல்லிவிட்டாராம், யாரும் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போகக்கூடாது, போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று. கிளப் ஏதோ கொடுத்து முடித்துக்கொள்ளும். சார் அத்தானைக் கூப்பிட்டு இதைச் சொன்னார். "இது ஆக்சிடென்ட். நீ வாயத் திறக்காதே."

வாயில்லாப் பூச்சியிடம் போய் வாயைத் திறக்காதே என்றால் எப்படி. ஆனால் அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் சரியாகத் தூங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு பாட்டிலையும் கோப்பையையும் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் பொறுக்காமல் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். போய் அவள் முன்னால் நின்று 'நான்தான்' என்று சொன்னால் ஒழிய இந்த மனிதர் பிழைக்கமாட்டார் என்று அக்கா சொன்னாள்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தார். "பொம்பளப் பிள்ளைங்க தங்கியிருக்கிற வீடு. ஆம்பள தனியாப் போகக்கூடாது. நீ வர்றியா?" சாருக்குத் தெரியாமல் அத்தான் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஒரு மைலோ டின்னும் பிஸ்கட் டின்னும் வாங்கிக்கொண்டு போனோம். பலகை வீடு. வாசலில் பெண்கள் செருப்பு ஒரு குவியல். ராத்திரி ஷிஃப்ட் முடித்தவர்கள் உள்ளே தூங்குகிறார்கள் என்று ரொஸ்னா எங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தாள். அவளோடு தங்கியிருந்த நோர்மா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். ரொஸ்னா ஒல்லி. தலையைச் சுற்றிய தூடோங் துணியை இழுத்து இடது பக்கத்தை மறைத்திருந்தாள். என்னை டீச்சர் என்று அறிமுகம் செய்த அத்தான், தான் உட்காரவில்லை.

"நான்தாம்மா அடிச்சேன்," என்றார்.

"தெரியும் அங்கிள்," என்றாள் அவள். "வெள்ளத் தொப்பி அங்கிள்தானே."

அத்தான் என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை. எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன்.

"நாங்க பாத்துக்கிட்டேதான் நடப்போம் டீச்சர். வேலிக்கு உள்ள யாரு எந்தக் கோடியில நிக்கிறாங்கன்னு. வேலிப் பக்கம் நின்னா பயமில்ல, பந்து அந்தால போயிரும். தூரத்துக் கோடியில நின்னா மரத்துக்குப் பின்னால நின்னுக்குவோம், அடிச்சு முடிக்கட்டும்னு. எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தான்."

"இவரும் தூரத்துக் கோடியிலதானே நின்னாரு?"

"இவருக்கு மட்டும் நிக்கமாட்டோம். இந்த அங்கிள் பந்து இங்க வராதுன்னு எல்லாருக்கும் தெரியும் லா. அன்னிக்கு நோர்மா நில்லுடின்னா. நான்தான் சொன்னேன், அது வெள்ளத் தொப்பி அங்கிள்தான், பஸ் போயிரும், வான்னு."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. அத்தான் தொப்பியைத் தேடுகிறவர்போலத் தலையைத் தடவிக்கொண்டார்.

"நான் ஃபோர்னு கத்தினேம்மா. கேக்கலயா?"

"இல்ல அங்கிள். சத்தமே வரல," என்றாள். நோர்மாவும் இல்லை என்று தலையாட்டினாள்.

வேலை எப்படி என்று கேட்டேன். மைக்ராஸ்கோப்புக்கு ரெண்டு கண்ணும் வேண்டும், இப்போது பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள், அங்கேயும் எத்தனை நாள் வைத்திருப்பார்களோ என்றாள்.  வரும் வழியில் நான் அத்தான் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பழக்கமில்லை. பிடித்துக்கொள்ளத்தான் தோன்றியது.

இத்தோடு அவர் கோல்ஃபை விட்டார் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. விடவில்லை. ஒரு மாதம் கழித்து சார் கூப்பிட்டார், போனார். நான் கொதித்துப்போனேன். ஏழாவது குழியில் இப்போது எப்படி என்று கேட்டேன்.

"சின்னக் கோல எடுத்துச் சும்மா தட்டிவிடுறேன்."

"நிக்கிறது எங்க?"

தொப்பியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். ஒரு பெண்ணின் கண்ணை எடுத்த பிறகும் இந்த மனிதரால் அந்த வலது ஓரத்துக்குப் போய் நிற்க முடியவில்லை. நாலு தப்படி இருக்குமா அந்தத் தூரம்? அன்றிலிருந்து ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. ரொஸ்னாவை ஃபேக்டரியிலிருந்து நிறுத்திவிட்டார்கள், ஊருக்குப் போய்விட்டாள் என்ற செய்தியும் அந்த வாரம்தான் வந்தது.

எண்பத்தாறில் சார் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலி அத்தானுக்கு வந்தது. அவர் கேட்கவில்லை, வேறு ஆள் இல்லை. அதிலும் அவர் உட்காரவில்லை. தம் பழைய நாற்காலியைத் தூக்கிவரச் சொல்லி அதில் உட்கார்ந்தார். பெரிய நாற்காலி சுவர் ஓரமாய்க் கிடந்தது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு இவரைப் பார்ப்பார்களாம். மேனேஜர் என்றால் சனிக்கிழமை கோல்ஃப் ஆட வேண்டும் என்பது அந்த ஆபீஸில் சட்டம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. போய்க்கொண்டிருந்தார். எண்பத்தெட்டில் ஒரு சனிக்கிழமை பாதி ஆட்டத்தில் வீட்டுக்கு வந்து, கோல்களையெல்லாம் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார். கேட்டதற்கு முதுகு வலி என்றார். முதுகு வளைந்தே வாழ்ந்தவருக்கு வலி வர இத்தனை வருடமா என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நாலு வருடம் கழித்து, தொண்ணூற்றிரண்டில், மாரடைப்பில் இறந்தார். கோல்ஃபை விட்டதன் உண்மைக் காரணம் சாவு வீட்டில்தான் தெரிந்தது. அவருக்குப் பிறகு தலைமைக் கிளார்க்காக வந்த திருநாவுக்கரசு சொன்னான். நல்ல பிள்ளை, அவனுக்குச் சார் என்றால் அத்தான்தான், அவரிடம் ரொம்ப மரியாதை. அதுதான் வினை.

"அன்னைக்கு செவன்த் ஹோல்ல சார் வலது பக்கம் நின்னு அடிச்சாரு டீச்சர். அவர் மேனேஜர் ஆனப்புறம் முதல் ஆளா அடிக்கிறவரு அங்கதானே நிக்கணும்னு மத்தவங்க சொல்லிச் சொல்லி நிக்க வச்சிருந்தாங்க. அடுத்து நான். சார் நின்ன இடத்துல எப்படி நிக்கிறது? நான் இடது கோடிக்குப் போனேன். இங்க வான்னு கூப்பிட்டாரு. பரவால்ல சார், அது உங்க இடம்னு சொன்னேன். சொல்லிட்டு அடிக்கக் கோலைத் தூக்கினேன்."

அவன் அத்தானின் உடல் கிடந்த கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"கத்தினாரு டீச்சர். அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதே இல்ல. அடிக்காதடா, வாடா இங்கன்னு. அவர் யாரையும் டா போட்டதே கிடையாது. நான் கோலைக் கீழ போட்டுட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நடந்து போயிட்டிருந்த பொண்ணுங்க எல்லாம் அப்படியே நின்னுட்டாங்க. அவர் அவங்களப் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் பையத் தூக்கிட்டுப் போயிட்டாரு. என்கிட்ட அதப்பத்திப் பேசவே இல்ல."

நான் அழுதேன். அத்தான் செத்ததற்கு அதுவரை அழாதவள், அப்போது அழுதேன்.

காரியம் முடிந்து சில வாரம் கழித்து பஸ் ஏறி பாலிக் புலாவுக்குப் போனேன். ரொஸ்னாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொன்னால் அவளுக்கு ஏதோ ஓர் ஆறுதல் என்று நான் நம்பினேன். படித்தவளின் அசட்டுத்தனம். டீக்கடைகளில் விசாரித்துப் போனேன். ஒரு ஜாதிக்காய்க் கொட்டகையில் ஐந்தாறு பெண்களோடு உட்கார்ந்து, சர்க்கரைப் பாகில் ஊறப்போடுவதற்காகக் காயைக் கீறிக்கொண்டிருந்தாள். அவள் விரல்களில் பழைய வெட்டுத் தழும்புகள். ஒற்றைக் கண்ணோடு கத்தி பிடித்தால் தூரம் சரியாகத் தெரியாது என்று அவளே சொன்னாள். கல்யாணம் ஆகவில்லையா என்று நான் கேட்கவில்லை. அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, உட்கார ஒரு பலகையை நகர்த்திப் போட்டாள்.

அத்தான் இறந்ததைச் சொன்னேன். "இன்னாலில்லாஹி," என்றாள். பிறகு திருநாவுக்கரசு சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். இடது கோடியில் அவன் போய் நின்றது, அத்தான் கத்தியது, எல்லாம்.

அவள் கீறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சாம். நடந்து போனவங்க எல்லாம் நின்னுட்டாங்களாம்."

அவள் கையிலிருந்த காயைக் கூடையில் போட்டாள்.

"அப்போ அவருக்குச் சத்தம் வரும்," என்றாள்.

அடுத்த காயை எடுத்துக் கீறத் தொடங்கினாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டேன்.